ஆதாமும் புதைபடிவங்களும்: பரிணாமக் கொள்கையும் மார்மன் சமயமும்

மனித உடல் பிற உயிரினங்களிலிருந்து கிளைத்து வந்தது என்கிறது உயிரியல். ஆதாமே முதல் மனிதன் என்று நம்பும் ஒரு சமயம் இந்த முடிவை எப்படி எதிர்கொள்வது? கிறிஸ்தவப் பிரிவுகள் அனைத்துக்கும் உள்ள கேள்விதான் இது. எனினும் பொதுவழக்கில் மார்மன் சபை எனப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் அது வேறொரு வடிவம் கொண்டது. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய இச்சபை, பைபிளுடன் மார்மன் புஸ்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையுயர்ந்த முத்து ஆகிய மூன்று நூல்களையும் வேதமாகக் கொள்கிறது. ஆதியாகமத்தில் இல்லாத பல செய்திகளைப் படைப்பைப் பற்றி இந்நூல்கள் சொல்கின்றன. அவற்றுள் சில பரிணாமத்துக்கு இடம் தருகின்றன, சில தடையாக நிற்கின்றன. ஆகவே சீர்திருத்தச் சபைகளின் படைப்புவாத வாதங்களை அப்படியே மார்மன்களின் மேல் ஏற்றிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருகிறார்கள்.

பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் 2007இல் நடத்திய சமயக் கணக்கெடுப்பில், மனித உயிரின் தோற்றத்துக்குப் பரிணாமமே சிறந்த விளக்கம் என்று ஏற்ற மார்மன்கள் 22 விழுக்காட்டினர். அந்நாட்டின் ஒட்டுமொத்த அளவு 48. மார்மன்களைவிடக் குறைவாக இருந்தவர்கள் யெகோவாவின் சாட்சிகள் மட்டுமே: 8 விழுக்காடு. அதே காலத்தில் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் இச்சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் பரிணாமத்தை உயிரியலின் அடிப்படையாகக் கற்பித்தது. அதன் ஆய்வாளர்கள் பூச்சிகளின் பரிணாம உறவுகளைப் பற்றி உலகின் முன்னணி அறிவியல் இதழ்களில் எழுதிவந்தார்கள். இவ்விரு நிலைகளும் ஒரே சபைக்குள் எவ்வாறு உருவாயின என்பதை அதன் வேத நூல்களிலிருந்தே தொடங்கிப் பார்க்க வேண்டும்.

வேத நூல்கள் தரும் இடமும் தடையும்

ஒன்றுமில்லாததிலிருந்து கடவுள் உலகைப் படைத்தார் என்பது பெரும்பாலான கிறிஸ்தவ மரபுகளின் போதனை. மார்மன் சமயம் இதை ஏற்பதில்லை. பருப்பொருள் அநாதியானது, கடவுள் அதை ஒழுங்குபடுத்தினார் என்பதே அதன் கொள்கை. 1844 ஏப்ரலில் நாவூ நகரில் ஆற்றிய புகழ்பெற்ற இரங்கல் உரையில் ஜோசப் ஸ்மித் இதை வெளிப்படையாக அறிவித்தார். 1842இல் அவர் வெளியிட்ட ஆபிரகாமின் புத்தகம், படைப்பின் நாட்களை ‘காலங்கள்’ என்று குறிக்கிறது. தாங்கள் இட்ட கட்டளைக்கு இயற்கை கீழ்ப்படியும் வரை தேவர்கள் கவனித்துக் காத்திருந்ததாகவும் அது சொல்கிறது. நெடுங்காலப் படிமுறைப் படைப்பை ஆதரிக்கும் மார்மன் அறிஞர்கள் இன்றும் முதலில் எடுத்துக்காட்டுவது இப்பகுதியைத்தான். கடவுளும் நியமங்களுக்கு உட்பட்டே செயல்படுகிறார், உயிர்கள் என்றென்றும் முன்னேறிச் செல்கின்றன என்னும் கருத்துகளும் இம்மரபில் ஆழமாக வேரூன்றியவை.

தடைகளும் இதே நூல்களில்தான் உள்ளன. மார்மன் புஸ்தகத்தின் 2 நேபி இரண்டாம் அதிகாரம், ஆதாம் கட்டளையை மீறாதிருந்தால் படைக்கப்பட்டவை யாவும் படைக்கப்பட்ட நிலையிலேயே முடிவின்றி நிலைத்திருக்கும் என்கிறது. அந்த மீறலால் நேர்ந்த வீழ்ச்சிக்கு முன் எந்த உயிருக்கும் சாவு இல்லை என்று இதைப் படித்தால், சாவையே அடித்தளமாகக் கொண்ட இயற்கைத் தேர்வுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. பூமியின் உலகியல் இருப்பு ஏழாயிரம் ஆண்டுகள் என்று கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலின் 77ஆம் பிரிவு கூறுகிறது. அதே நூலின் 130ஆம் பிரிவின்படி பிதாவாகிய கடவுளுக்கே சதையும் எலும்பும் கொண்ட உடல் உண்டு. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்ற சொற்றொடரை மற்றக் கிறிஸ்தவர்கள் அறிவு, அறம், ஆன்மா என்று உருவகமாக விளக்கிக்கொள்ளலாம். மார்மன்களுக்கு அது உடலின் உருவத்தையே குறிக்கிறது.

இவற்றுக்கு மேலாக, ஆதாம் இம்மரபில் ஒரு குறியீடாக மட்டும் இருப்பவர் அல்லர். அவர் ஆசாரியத்துவத்தின் முதல் உரிமையாளர். தம் இறப்புக்கு மூன்றாண்டு முன்பு சந்ததியினரைக் கூட்டி ஆசி வழங்கியவர். அந்த இடத்தோடு தொடர்புடைய நிலப்பகுதி என மிசௌரி மாநிலத்தின் டேவிஸ் வட்டத்தில் ஓரிடத்தை 1838இல் ஜோசப் ஸ்மித் சுட்டிக்காட்டினார். ஆதாம்-ஓந்தி-ஆமான் எனப்படும் அவ்விடம் இன்றும் சபையால் பேணப்படுகிறது. நில வரைபடத்தில் இடம் பெற்றுவிட்ட ஒரு முதல் மனிதனை உருவகமாக மாற்றிப் படிப்பது எளிதன்று. பரிணாமத்தோடு இசைவு தேடிய மார்மன் சிந்தனையாளர்கள் இந்த எடையை எப்போதும் உணர்ந்தே எழுதியிருக்கிறார்கள்.

1909 அறிக்கையும் 1911 பூசலும்

டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859இல் வெளிவந்தபோது மார்மன்கள் யூட்டா பாலைநிலத்தில் குடியேற்றங்களை அமைத்துக்கொண்டிருந்தனர். கூட்டாட்சி அரசுடனான மோதலும் பலதார மணம் பற்றிய சர்ச்சைகளுமே அவர்களின் கவனத்தைப் பிடித்திருந்தன. 1871இல் இரண்டாம் தலைவர் பிரிகாம் யங், பூமி ஆறு நாளில் உருவானதா, பல லட்சம் ஆண்டுகளில் உருவானதா என்பது தம் சமயத்துக்கு இடையூறான கேள்வி அல்ல என்னும் பொருள்படப் பேசியிருக்கிறார். புவியியலின் நீண்ட காலக்கணக்கு அன்று பெரிய அச்சமாகக் கருதப்படவில்லை.

டார்வின் பிறந்து நூறாண்டும் அந்நூல் வந்து ஐம்பதாண்டும் நிறைந்த 1909இல் நிலை மாறியது. சபையின் உச்ச அதிகாரக் குழுவான பிரதான தலைமை, தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித்தின் கீழ், அவ்வாண்டு நவம்பரில் ‘மனிதனின் தோற்றம்’ என்ற அறிக்கையை வெளியிட்டது. ஆதாமே முதல் மனிதன், மனிதன் தாழ்ந்த உயிர்களிலிருந்து வளர்ந்து வந்தான் என்பது மனிதரின் ஊகம் என்று அது கூறியது. ஆனால் ஆதாமின் உடல் எவ்வழியில் உருவானது என்பதை அது விளக்கவில்லை. 1910 ஏப்ரலில் சபையின் மாத இதழில் வந்த ஒரு பதில், இயற்கை முறையில் படிப்படியாக வளர்ந்திருக்கலாம், வேறோர் உலகிலிருந்து கொண்டுவரப்பட்டிருக்கலாம், இங்கேயே பிறந்திருக்கலாம் என்று மூன்று வாய்ப்புகளையும் வைத்து, வெளிப்பாட்டில் இதற்கு முழு விடை இல்லை என்று நிறுத்திக்கொண்டது. இப்பதிலை எழுதியவர் பெயர் அங்கே இல்லை. அதனால் இதன் அதிகார மதிப்பு இன்றும் விவாதத்துக்குரியது.

இந்தத் திறந்த மனநிலை கல்வி நிலையத்துக்குள் நீடிக்கவில்லை. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஜோசப் பீட்டர்சன், ஹென்றி பீட்டர்சன் என்ற சகோதரர்களும், ரால்ஃப் சேம்பர்லின், வில்லியம் சேம்பர்லின் என்ற சகோதரர்களும் பரிணாமத்தையும் நவீன பைபிள் திறனாய்வையும் கற்பித்து வந்தனர். சபைப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஹொரஸ் கம்மிங்ஸ் இது மாணவர்களின் விசுவாசத்தைக் குலைப்பதாக 1911 தொடக்கத்தில் அறிக்கை அளித்தார். திரளான மாணவர்கள் ஆசிரியர்களுக்கு ஆதரவாக நின்றும் பயனில்லை. பீட்டர்சன் சகோதரர்களும் ரால்ஃப் சேம்பர்லினும் அவ்வாண்டே வெளியேற நேர்ந்தது. வில்லியம் சில ஆண்டுகள் கழித்து நீங்கினார். ஜோசப் பீட்டர்சன் பின்னாளில் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவரானார். ரால்ஃப் சேம்பர்லின் சிலந்தியியலில் உலகம் மதிக்கும் அறிஞரானார். அந்தப் பல்கலைக்கழகம் இழந்தது எத்தகையவர்களை என்பதற்கு இதுவே சான்று.

தலைவர் ஸ்மித் அப்போது தந்த விளக்கம் கவனிக்கத்தக்கது. உலகைப் படைக்கக் கடவுள் கையாண்ட முறையைப் பற்றிச் சபைக்கென்று தத்துவம் எதுவும் இல்லை என்று அவர் எழுதினார். இளைஞர்களைக் குழப்பும் என்பதால் சபைப் பள்ளிகளில் இப்பொருளைத் தவிர்ப்பதே நல்லது என்றார். கொள்கையளவில் நடுநிலை, வகுப்பறையில் தடை என்ற இந்தப் பிளவு நெடுங்காலம் தொடர்ந்தது.

1925இல் டென்னசியில் பரிணாமம் கற்பித்த ஆசிரியர் மீதான ஸ்கோப்ஸ் வழக்கு நாட்டையே பரபரப்பாக்கியபோது, பிரதான தலைமை 1909 அறிக்கையைச் சுருக்கி மறுபடி வெளியிட்டது. பரிணாமத்தை மனித ஊகம் என்று சாடிய வரிகள் சுருக்கத்தில் இடம்பெறவில்லை. இந்த விடுபாடு திட்டமிட்டது என்றே பல வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். அமைதி காக்க விரும்பிய தலைமையின் போக்கோடு அது பொருந்துகிறது.

ராபர்ட்ஸ், ஸ்மித், டால்மேஜ்

சபையின் மூத்த அதிகாரிகளே எதிரெதிர் அணியில் நின்ற காலம் 1930–31. ஒரு பக்கம் வரலாற்றாளரும் இறையியலாளருமான பி. எச். ராபர்ட்ஸ். ஆதாமுக்கு முன்பே மனிதரை ஒத்த உயிர்கள் வாழ்ந்து மடிந்தன, பின்னர் பூமி வெறுமையாக்கப்பட்டு ஆதாம் குடியமர்த்தப்பட்டார் என்பது அவர் கருத்து. ‘உண்மை, வழி, வாழ்வு’ என்ற தம் பெருநூலில் இதைச் சேர்த்திருந்தார். மறுபக்கம் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித்தின் மகனும் அப்போஸ்தலருமான ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித். வீழ்ச்சிக்கு முன் பூமியில் எந்த உயிருக்கும் சாவு இல்லை, ஆதாமுக்கு முன் மனிதர் இல்லை என்று 1930இல் அவர் பேசிய உரை அச்சில் வந்தது. இது சபையின் கோட்பாடா, அவரது சொந்தக் கருத்தா என்று ராபர்ட்ஸ் தலைமையிடம் முறைப்படி கேட்டார்.

பன்னிரு அப்போஸ்தலர் குழு இருவரையும் விசாரித்தது. 1931 ஏப்ரலில் பிரதான தலைமை உயர் அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பாணை அனுப்பியது. இரு தரப்பும் வேதத்தையும் பழைய தலைவர்களையும் மேற்கோள் காட்டுகின்றன, ஒன்று மற்றொன்றை வென்றதாகக் கொள்ள முடியாது, இரண்டுமே சபையின் கோட்பாடு ஆகா என்பது அதன் சாரம். புவியியல், உயிரியல், தொல்லியல், மானிடவியல் ஆகியவை ஆன்மாக்களின் மீட்போடு தொடர்பற்றவை, அவற்றை ஆய்வாளர்களிடம் விட்டுவிட வேண்டும் என்றும் அது அறிவுறுத்தியது. ஆதாமே மனித இனத்தின் முதல் தந்தை என்பது மட்டும் உறுதியாகச் சொல்லப்பட்டது. இச்சபையின் வரலாற்றில் அறிவியல் குறித்து எழுந்த மிகத் தெளிவான ஆவணம் இது என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால் இது பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. ராபர்ட்ஸின் நூலும் அச்சேறவில்லை. அவர் 1933இல் மறைந்தார். நூல் வெளிவந்தது 1994இல்.

புவியியலாளரான அப்போஸ்தலர் ஜேம்ஸ் டால்மேஜ் இந்த அமைதியை ஒரு முறை உடைத்தார். 1931 ஆகஸ்டில் சால்ட் லேக் கூடாரத்தில் ‘பூமியும் மனிதனும்’ என்று உரையாற்றினார். மனிதன் தோன்றுவதற்கு வெகு முன்பே தாவரங்களும் விலங்குகளும் வாழ்ந்து மடிந்ததைப் பாறைகள் காட்டுகின்றன என்று சபை மேடையிலிருந்தே சொன்னார். அதே உரையில், மனிதன் விலங்கிலிருந்து வந்தவன் என்பதை அவர் மறுத்தார். நியாண்டர்தால், குரோமாக்னன், பீகிங், பில்ட்டவுன் மனிதர்களுக்கும் ஆதாமுக்கும் உறவில்லை என்றார். இவற்றுள் பில்ட்டவுன் எச்சம் போலி என்பது 1953இல் வெளிப்பட்டது. மற்ற மூன்றும் மானிடவியலில் உறுதியாக நிலைத்தன. நெடிய காலத்தை ஏற்று, மனிதனைத் தனியே ஒதுக்கிவைக்கும் டால்மேஜின் வழியில் இந்த இடமே பலவீனமானது. தலைமையின் ஒப்புதலோடு உரை அவ்வாண்டு நவம்பரில் சிறுநூலாக வெளியிடப்பட்டது.

1954க்குப் பின்

விவாதத்தில் பங்கேற்ற விஞ்ஞானத் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர்: டால்மேஜ் 1933இல், இயற்பியலாளர் ஜோசப் மெரில், வேதியியலாளர் ஜான் விட்சோ ஆகியோர் 1952இல். களத்தில் எஞ்சியவர் ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித். 1954இல் அவர் ‘மனிதன்: தோற்றமும் ஊழும்’ என்ற நூலை வெளியிட்டார். பரிணாமத்தையும் பழைய பூமியையும் ஒருங்கே நிராகரித்த அந்நூல், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் எழுத்தாளர் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸின் வெள்ளப் புவியியலைத் துணைக்குக் கொண்டது. பிற்காலத்தில் சீர்திருத்தச் சபையினரின் இளம்பூமிப் படைப்புவாதத்துக்கு வித்திட்டவரும் இதே பிரைஸ்தான். இவ்வகையில், மார்மன் வேதத்தின் தனித்தன்மையோடு தொடர்பில்லாத ஒரு வெளிக்கருத்து, வேதத்தின் குரலாகவே சபைக்குள் புழங்கத் தொடங்கியது.

எதிர்ப்பும் இருந்தது. வேதி வினைகளின் வேகத்தை விளக்கும் கோட்பாட்டால் உலகப் புகழ் பெற்ற ஹென்றி ஐரிங், சபைப் பற்றுள்ள விஞ்ஞானி. பூமியின் வயதைப் பற்றிய சான்றுகளை விசுவாசத்தின் பெயரால் மறுக்கத் தேவையில்லை என்று தலைவர்களுக்கே எழுதினார். 1954 கோடையில் பிரதான தலைமையைச் சேர்ந்த ஜே. ரூபன் கிளார்க், சபை ஆசிரியர்களிடையே பேசுகையில், ஒரு தலைவரின் சொல் எப்போது வேதமாகும், எப்போது ஆகாது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அப்போதைய தலைவர் டேவிட் ஓ. மெக்கே, யூட்டா பல்கலைக்கழகப் புவியியலாளர் வில்லியம் லீ ஸ்டோக்ஸுக்கு 1957இல் எழுதிய கடிதத்தில், ஸ்மித்தின் நூல் சபையின் அங்கீகாரம் பெற்றதன்று என்று தெரிவித்தார். ஆனால் அது தனிப்பட்ட கடிதம். நூலோ கடைகளில் கிடைத்தது.

ஸ்மித்தின் மருமகன் புரூஸ் மெக்காங்கி 1958இல் வெளியிட்ட ‘மார்மன் கோட்பாடு’ என்ற அகரவரிசை நூல் வீடுதோறும் பரவியது. அப்போஸ்தலரான பின், 1980இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் அவர் கொடிய கோட்பாட்டுப் பிழைகள் ஏழு எனப் பட்டியலிட்டபோது, பரிணாமத்தையும் சமயத்தையும் இணைக்க முடியும் என்பதை அவற்றுள் ஒன்றாக்கினார். 1979இல் சபை வெளியிட்ட பைபிள் பதிப்பின் இணைப்பு அகராதியும் வீழ்ச்சிக்கு முன் எவ்வுயிருக்கும் சாவில்லை என்ற கருத்தைச் சேர்த்திருந்தது. தலைமை பேசாமலிருந்த இடத்தை, பேசியவர்கள் நிரப்பினார்கள். பியூ கணக்கெடுப்பின் 22 விழுக்காட்டுக்கு வேத வரிகளைவிட இந்த அரை நூற்றாண்டு அச்சு வரலாறே பெரிய காரணம் என்று கருத இடமுண்டு.

இசைவு தேடிய வழிகள்

பரிணாமத்தை ஏற்கும் மார்மன் எழுத்தாளர்கள் ஒரே பாதையில் செல்வதில்லை. பலரும் முதலில் நாடுவது உடல், ஆவி என்ற பிரிவினை. இச்சமயத்தின்படி மனித ஆவிகள் பூமிக்கு வருமுன்பே கடவுளின் பிள்ளைகளாக இருந்தவை. அவை குடியேறுவதற்கான உடல் பரிணாம வழியில் தயாரானது, அதில் கடவுளின் ஆவிப் பிள்ளை முதன்முதலாக நுழைந்தபோது ஆதாம் தோன்றினார் என்பது இவ்விளக்கம். 2001இல் டிரென்ட் ஸ்டீஃபன்ஸும் ஜெஃப்ரி மெல்ட்ரமும் எழுதிய ‘பரிணாமமும் மார்மன் சமயமும்’ இப்போக்கை விரிவாக ஆராய்ந்த நூல். முன்னிருப்புக் கொள்கை மற்றக் கிறிஸ்தவர்களிடம் பெரும்பாலும் இல்லை என்பதால், இது மார்மன்களுக்கே உரிய வசதி. ஆனால் ஆதாமின் பெற்றோர் யார், அவர்களுக்கு ஆவி இருந்ததா, கடவுளின் உடலுருவும் முன்னறியப்படாத ஓர் இயற்கை நிகழ்வின் விளைவும் ஏன் ஒத்துப்போக வேண்டும் என்ற கேள்விகளுக்கு இது இன்னும் நிறைவான விடை தரவில்லை.

வேறு சிலர் கடவுள் நியமங்களின்வழி செயல்படுகிறார் என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். விட்சோ 1908இலேயே ஜோசப் ஸ்மித்தின் போதனைகளையும் அறிவியலையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். பரிணாமம் என்பது நித்திய முன்னேற்றம் என்ற கொள்கையின் இயற்கை வடிவம் என்று காண்பது கவர்ச்சியானது. எனினும் முன்னேற்றத்துக்கு இலக்கு உண்டு; இயற்கைத் தேர்வு எந்த இலக்கையும் நோக்கிச் செல்வதாக உயிரியல் சொல்வதில்லை. இவ்வேறுபாட்டை மறைத்து இரண்டையும் ஒன்றாக்கும் எழுத்துகள் இரு துறைக்கும் நீதி செய்வதில்லை. பிரிகாம் யங் பல்கலைக்கழகச் சூழலியலாளர் ஸ்டீவன் பெக் இச்சிக்கலை நேராகவே எதிர்கொள்கிறார். தற்செயலுக்கும் புதுமைக்கும் இடமளிக்கும் உலகில் கடவுள் எவ்வாறு செயல்படுவார் என்று கேட்கும் அவரது கட்டுரைகள் 2015இல் நூலாக வந்தன.

அண்மையில் வலுப்பெற்று வருவது வேதத்தைப் படிக்கும் முறையையே மாற்றும் வழி. ஆதியாகமம் பண்டைய அண்மைக் கிழக்கின் வழிபாட்டு மொழியில் அமைந்தது, அறிவியல் வினாக்களுக்கு விடைதர எழுதப்பட்டதன்று என்று பென் ஸ்பாக்மன் போன்ற வரலாற்றாளர்கள் வாதிடுகிறார்கள். ஆதியாகமத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. 2 நேபிக்கும் விலையுயர்ந்த முத்தில் அடங்கிய மோசேயின் புத்தகத்துக்கும் 19ஆம் நூற்றாண்டில் அறிவிக்கப்பட்ட வெளிப்பாடுகளுக்கும் அதே அளவில் பொருந்துமா என்பது வேறு கேள்வி. இவ்வழியின் எதிர்காலம் அக்கேள்வியைச் சார்ந்தே இருக்கும். 2 நேபியின் வரிகள் ஏதேன் தோட்டத்துக்குள் இருந்த நிலையை மட்டுமே குறிக்கின்றன, வெளியே இருந்த பூமியைக் குறிக்கவில்லை என்பது இடைக்காலத் தீர்வாகச் சிலர் முன்வைக்கும் வாசிப்பு.

பொதுப்பள்ளிகளும் படைப்புவாதமும்

பொதுப்பள்ளியில் படைப்புவாதம் கற்பிப்பது பற்றிய அமெரிக்கச் சட்ட வரலாறு பெரும்பாலும் தென்மாநிலங்களின் வரலாறு. பரிணாமம் கற்பிப்பதைத் தடைசெய்யும் சட்டம் செல்லாது என்று 1968இல் எப்பர்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ‘படைப்பு அறிவியல்’ என்ற பெயரில் சம நேரம் கேட்கும் சட்டங்கள் வந்தன. ஆர்க்கன்சாவின் சட்டம் 1982இலும், லூசியானாவின் சட்டம் 1987இல் உச்ச நீதிமன்றத்திலும் வீழ்ந்தன. அறிவார்ந்த வடிவமைப்பு என்ற பெயரிலான முயற்சியை 2005 டிசம்பரில் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் நீதிமன்றம் நிராகரித்தது.

இந்தப் போராட்டங்களில் மார்மன் சபை முன்னணியில் நிற்கவில்லை. காரணங்களை அதன் வரலாற்றிலேயே காணலாம். ஆர்க்கன்சாவின் 1981 சட்டம் படைப்பு அறிவியலை வரையறுத்தபோது, பேரண்டமும் உயிரும் ஒன்றுமில்லாததிலிருந்து திடீரெனப் படைக்கப்பட்டதை அதன் முதல் கூறாக வைத்தது. மார்மன் சமயம் மறுக்கும் கோட்பாடு இதுவே. அச்சட்டம் நிலைத்திருந்தால் அம்மாநிலத்தின் மார்மன் குழந்தைகள் தங்கள் விசுவாசத்துக்கு முரணான இறையியலை அரசுப் பாடமாகப் படித்திருப்பார்கள். பள்ளியில் படைப்பைக் கற்பிக்க வேண்டும் என்போர் எவருடைய படைப்பை என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. சிறுபான்மைச் சமயங்களுக்கு அது வெறும் தத்துவக் கேள்வியன்று.

யூட்டா இதை நேரில் அறிந்த மாநிலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரஸ்பிடீரியன் முதலிய சபைகள் மார்மன் பிள்ளைகளை மீட்கும் நோக்கத்தோடே அங்கே பள்ளிகளைத் திறந்தன. 1896இல் யூட்டா மாநிலமாக ஏற்கப்பட்டபோது, பொதுப்பள்ளிகள் எந்தச் சமயப் பிரிவின் கட்டுப்பாட்டிலும் இருக்கக் கூடாது என்பது கூட்டாட்சி அரசு இட்ட நிபந்தனைகளுள் ஒன்று. அதற்கேற்ப 1912இல் சால்ட் லேக் பகுதியின் கிரானைட் உயர்நிலைப் பள்ளிக்கு அருகே சபை முதல் செமினரியைத் தொடங்கியது. மாணவர்கள் நாளில் ஒரு பாடவேளை பள்ளியிலிருந்து விடுப்புப் பெற்று, பக்கத்திலுள்ள சபைக் கட்டடத்தில் வேதம் படித்துத் திரும்புவார்கள். பள்ளி வளாகத்துக்கு வெளியே நடக்கும் இத்தகைய ஏற்பாடு செல்லும் என்று 1952இல் சோராக் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தன் படைப்புக் கதையைச் சொல்லத் தனி வகுப்பறை இருப்பதால், அதை அறிவியல் ஆசிரியர் சொல்ல வேண்டிய தேவை இச்சபைக்கு எழவில்லை.

ஆயினும் ஒருமுறை முயற்சி நடந்தது. 2005இல் மாநில மேலவை உறுப்பினர் கிறிஸ் பட்டர்ஸ் ‘தெய்வீக வடிவமைப்பு’ கற்பிப்பது பற்றிப் பேசத் தொடங்கினார். பின்னர் அவர் கொண்டுவந்த மசோதா அந்தச் சொல்லைத் தவிர்த்து, உயிரின் தோற்றம் பற்றி விஞ்ஞானிகள் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர் என்று மாணவர்களுக்கு உணர்த்த வேண்டும் என்று கேட்டது. அது மேலவையில் நிறைவேறியது. 2006 பிப்ரவரியில் கீழவை முதலில் அதன் வாசகத்தைக் கத்தரித்தது, பிறகு 46க்கு 28 என்ற வாக்கில் தோற்கடித்தது. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் மார்மன்களாக இருந்த அவையில் இது நடந்தது. சபை எப்பக்கமும் சாயவில்லை. பரிணாமத்தைத் தனிப்பட்ட முறையில் ஏற்காதவர்களும்கூட, சமயப் போதனை வீட்டுக்கும் சபைக்கும் உரியது என்ற நிலைப்பாட்டில் எதிர்த்து வாக்களித்திருக்கலாம். இந்த வாக்கைப் பரிணாமத்தின் வெற்றியாகப் படிப்பது மிகை.

சபையின் சொந்த வகுப்பறைகள்

எனவே படைப்பைக் கற்பிப்பது பற்றிய உண்மையான மார்மன் சிக்கல் அரசுப் பள்ளியில் இல்லை. செமினரியிலும் சபைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. ஒரே மாணவி காலையில் செமினரியில் வீழ்ச்சிக்கு முன் சாவில்லை என்று படித்துவிட்டு, பிற்பகலில் உயிரியல் வகுப்பில் முப்பது கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களைப் பார்க்க நேரும். செமினரி, கல்லூரி வேத வகுப்புகளுக்கான கையேடுகள் பல பதிற்றாண்டுகள் ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித்தின் கருத்துகளையே மேற்கோள் காட்டின. 1931 குறிப்பாணை அவற்றில் இடம்பெறவில்லை. நிலைப்பாடு இல்லை என்று சொல்லும் சபை, தன் பிள்ளைகளுக்கு ஒரு தரப்பை மட்டும் கொடுத்தது நேர்மையான நடுநிலை ஆகாது.

பல்கலைக்கழகத்தில் மாற்றம் மெல்ல வந்தது. விலங்கியல் பேராசிரியர் டுவேன் ஜெஃப்ரி 1973இல் ‘டயலாக்’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரை, தலைவர்களின் முரண்பட்ட கூற்றுகளைக் காலவரிசையில் அடுக்கிக் காட்டியது. ஒரே குரல் எப்போதும் இருந்ததில்லை என்பதை வாசகர்கள் அதில் கண்டார்கள். 1992இல் வெளிவந்த மார்மன் கலைக்களஞ்சியத்தில் இயற்பியலாளர் வில்லியம் ஈவன்சன் எழுதிய பரிணாமப் பதிவு, 1931 குறிப்பாணையின் மையப் பகுதியை முதன்முறையாகப் பரவலாக அறியச் செய்தது. அதே ஆண்டு பல்கலைக்கழக அறங்காவலர் குழு, இப்பொருள் பற்றிய பிரதான தலைமையின் அறிக்கைகளைக் கொண்ட ஒரு சிறு தொகுப்புக்கு ஒப்புதல் அளித்தது. தனி அப்போஸ்தலர்களின் நூல்கள் அதில் சேர்க்கப்படவில்லை. யாருடைய சொல் சபையின் சொல் என்ற 1931இன் கேள்விக்கு, நடைமுறையில் கிடைத்த தெளிவான விடை அதுவே. 2016 அக்டோபரில் சபையின் இளைஞர் இதழ், பரிணாமக் கொள்கை குறித்துச் சபைக்கு அதிகாரபூர்வ நிலைப்பாடு இல்லை என்று நேரடியாகவே எழுதியது.

இதன் விளைவு அளக்கக்கூடியதாக இருக்கிறது. அப்பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர்கள் 2018இல் ‘ப்ளாஸ் ஒன்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, 1985இல் படித்த மார்மன் மாணவர்களையும் அண்மைக்கால மாணவர்களையும் ஒப்பிட்டு, பரிணாமத்தை ஏற்போர் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருப்பதைக் காட்டியது. ஒரே நிறுவனத்தில் எடுத்த அளவீடு என்பதால் உலகெங்குமுள்ள ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்கு இதை விரித்துரைக்க முடியாது. ஆயினும் விசுவாசத்தைக் கைவிடாமலே மாணவர்கள் கருத்தை மாற்றிக்கொள்கிறார்கள் என்பது 1911இன் அச்சத்துக்கு எதிரான சான்று.

திறந்து நிற்பவை

அதிகாரபூர்வ நடுநிலை எவ்வளவு உறுதியானது என்பது தெளிவாகவில்லை. 2018 முதல் 2025 வரை சபைத் தலைவராக இருந்த இதய அறுவை மருத்துவர் ரசல் நெல்சன், அப்போஸ்தலராக இருந்த காலத்தில், ஓர் இனம் மற்றோர் இனமாக மாறியது என்பதைத் தம்மால் ஏற்க இயலவில்லை என்று நேர்காணலில் கூறியவர். அவர் தலைமையேற்ற பின்னும் சபையின் நிலைப்பாடு மாற்றப்படவில்லை. தலைவரின் தனிக்கருத்தும் சபையின் கோட்பாடும் வேறு என்ற வேறுபாடு நிலைத்ததற்கு இதை அடையாளமாகக் கொள்ளலாம். ஆனால் புதிய வெளிப்பாடு எப்போதும் வரக்கூடும் என்று நம்பும் சமயத்தில் எந்த நடுநிலையும் இறுதியானதாக முடியாது.

இறையியல் பக்கத்தில், வீழ்ச்சிக்கு முன் சாவு என்ற சிக்கலுக்கு 2 நேபியை முழுமையாக எதிர்கொள்ளும் விளக்கம் இன்னும் பரவலான ஒப்புதல் பெறவில்லை. மீட்புக் கோட்பாடு வீழ்ச்சியின் மேலும் வீழ்ச்சி ஆதாமின் மேலும் நிற்பதால், உயிரியலாளர்களைவிட இறையியலாளர்களே இங்கே உழைக்க வேண்டியிருக்கிறது. கடவுளின் உடலுரு பற்றிய கேள்வியை எழுதுவோர் பலரும் சுற்றிச் செல்கிறார்கள். மனித உருவம் பரிணாமத்தில் நிகழாமலும் போயிருக்கலாம் என்றால் சாயல் என்பதன் பொருள் என்ன என்பதற்கு நேரான விவாதம் மிகக் குறைவு. அமெரிக்காவுக்கு வெளியே, மெக்சிகோவிலும் பிரேசிலிலும் பிலிப்பைன்ஸிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் வளர்ந்துவரும் உறுப்பினர்கள் இப்பொருளை எப்படிக் கற்கிறார்கள் என்பதும் ஆராயப்பட வேண்டியது. யூட்டாவின் செமினரிக் கட்டடமும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையும் அவர்களுக்கு அருகில் இல்லை. அவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் மொழிபெயர்க்கப்பட்ட வேத நூல்களும் பாடக் கையேடுகளுமே.